மதி என்று காதில் விழுந்தது

எங்கள் தெருமுனையில் ஒரு கறுப்புக் கல் நட்டிருக்கிறார்கள். அதில் மலையாளத்தில் இரண்டே எழுத்து: மதி. மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். அதற்குக் கீழே ஓர் ஆர்மோனியப் படம், அதற்கும் கீழே மாஷின் பெயர். மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆயுசு முழுக்க நாடகங்களுக்குப் பாட்டுப் போட்ட மகா கலைஞர் கடைசியில் இந்த ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு அடங்கினார் என்று வழிகாட்டி சொல்வான். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மார்க்கெட்டுக்கு அதுதான் எனக்குக் குறுக்கு வழி. இருந்தாலும் இந்த முட்டி வலியோடு இரண்டு தெரு சுற்றித்தான் போகிறேன். வருஷத்தில் ஒரே ஒரு நாள், அவர் நினைவு நாளன்று, அந்தக் கல்லின் முன்னால் போய் நிற்கிறேன். அன்றைக்கு முதல் மாலை போடுவது நான்தான். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து முதலில் கேட்டவள் நான் என்பதால் எனக்கு அந்த மரியாதை.

நான் மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் முன்னோரைத் தெருக் கூட்டிச் சுத்தம் செய்வதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குக் கூட்டிவந்தார்கள். வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் பேசுவது தமிழ். அதுவும் பாதி மலையாளம் கலந்த தமிழ், மதுரைக்காரர் கேட்டால் சிரிப்பார். எழுதப் படிக்கத் தெரிந்ததோ மலையாளம் மட்டும். காலையில் வேலை, சாயங்காலம் நாடகக் குழுவில் கோரஸ் பாடுவேன். எனக்குக் கட்டைக் குரல். அதனால் கதாநாயகிக்குப் பின்னால் நிற்கிற வரிசையைத் தாண்டி நான் முன்னால் வந்ததே இல்லை.

மாஷ் என்றால் இங்கே வாத்தியார். அவர் யாருக்கும் பாடம் நடத்தியவர் இல்லை. ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தவரை எல்லாரும் மாஷ் என்பது வழக்கம், அவ்வளவுதான். பாலக்காட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம் அவருடையது. ஆனால் அவர் போட்ட பாட்டெல்லாம் மலையாள நாடகங்களுக்கு. நாற்பது வருஷம் திருவிழாத் திடல்களில் அவர் பாட்டுதான் ஓடியது. ஒருமுறை ஆலுவா ஆற்றுமணலில் எங்கள் நாடகம். மழை தூறுகிறது, ஜனங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள், பாதிப் பேர் கிளம்பியாயிற்று. அடுத்த பெல்லோடு நாடகம் தொடங்கும் என்று மைக்கில் சொல்லி பெல் அடித்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அவர் நாலு சுரம் வாசித்தார். போனவர்கள் திரும்பி வந்து நனைந்த மணலில் உட்கார்ந்தார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் எங்காவது ஆட்டோவில் அந்த நாலு சுரம் போன் மணியாக அடித்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பாட்டைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான். பாட்டு எங்கே வேண்டுமானாலும் சுற்றட்டும், கடைசியில் முதல் சுரமான சட்ஜத்தில் வந்து நிற்க வேண்டும். "பாட்டைக் கொண்டுபோய் வீட்டுல விடணும் மோளே, நடுரோட்டுல விட்டுட்டு வரக்கூடாது" என்பார். மோள் என்றால் மகள். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

அவர் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

அவர் வீட்டின் தரைத்தளம் பழைய சுக்குக் கிடங்கு. அதில் உட்கார்ந்துதான் பாட்டுப் போடுவார். சொல்லும் மெட்டும் ஒன்றாக வாயில் வரும். நான் எதிரே உட்கார்ந்து சொற்களை மலையாள எழுத்தில் எழுதிக்கொள்வேன். மெட்டைப் பிடித்து வைக்க ஒரு டேப் ரிக்கார்டர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் சுமைக்காரர்கள் மூட்டை இறக்குகிற சத்தம் எப்போதும் கேட்கும். அதனால் டேப் ஓடும்போது மட்டும் வாசல் கதவைச் சாத்துவோம். அந்தக் கதவு கடல்காற்றில் ஊதிப்போன பழைய மரம், தரையில் இழுபட்டுக் கிறீச்சிடும். சத்தம் டேப்பில் ஏறாமலிருக்க, வளையத்தைப் பிடித்துக் கதவை லேசாகத் தூக்கி, மெல்லச் சாத்த வேண்டும். வேலை முடிந்தால் மாஷ் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிக் கொக்கியைப் போடுவார். 'டக்' என்று ஒரு சத்தம். அதுதான் முடிந்தது என்பதற்கு அடையாளம். அதற்குப் பிறகுதான் நான் டேப்பை நிறுத்துவேன், கதவைத் திறப்பேன், எதிர்க்கடையில் சாயாவுக்குக் குரல் கொடுப்பேன். மற்ற நேரமெல்லாம் கதவு விரியத் திறந்தே கிடக்கும். அந்தக் கதவோடு மல்லுக்கட்ட யாருக்கும் பொறுமை இல்லை.

கொக்கி விழுகிறவரை எதையும் தொடக்கூடாது. அதில் மட்டும் அவர் கண்டிப்பு. ஒரு தடவை நானே முடிந்தது என்று நினைத்து டேப்பை அணைத்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வயசான பிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. அம்மா பேசிய பாஷையில் ஒரு நாடகம், தமிழில், முழுக்கப் பாட்டாக. கடல் வாணிபத்துக்குப் போன புருஷன் திரும்பி வராத ஒரு பெண்ணின் கதை. கடைசிக் காட்சியில் அவள் கரையில் நின்று பாடுகிறாள். முதல் சரணத்தில் காற்றைக் கூப்பிட்டுக் கேட்கிறாள்: காற்றே, அவரைப் பார்த்தாயா? இரண்டாவதில் அலையைக் கேட்கிறாள். மூன்றாவது சரணத்தை அவர் இன்னும் வெளியே சொல்லவில்லை. மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, வரட்டும் என்றார்.

அது இடவப்பாதி என்கிற ஜூன் மழை தொடங்குவதற்கு முந்தைய வாரம். பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள்தான் இருந்தது. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் யூனிபார்ம் துணி எடுக்கவில்லை. எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு கடையில் துணி வந்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி காலையிலேயே சொல்லிவிட்டாள். நான் அக்கரைக்குப் போகிற இரண்டு மணி போட்டைப் பிடிக்க வேண்டும். மாஷ் எதிரே உட்கார்ந்திருந்தாலும் என் கண் சுவர்க் கடிகாரத்தில்தான் இருந்தது. அன்றைக்கு அவர் மெல்லத்தான் வாசித்தார். வலது கை ஒரு கட்டையில் வழுக்கிப் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. அப்படித் தப்பாக வாசிக்கிற கை இல்லை அது. வெயிலில் அசந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சரணம் முடிந்தது. நிஷாதத்தில், மேல் சட்ஜத்துக்கு ஒரு படி முன்னால், நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "மதி."

நான் காத்திருந்தது அதற்குத்தான். எப்போதும் வேலை நடக்கும்போது எங்களுக்குள் மலையாளம்தான். சாயா ஊற்றும்போது மதி, கோரஸ் ரொம்ப ஏறும்போது மதி, மதி. போதும் என்று சொல்ல அந்த வீட்டில் வேறு சொல்லே கிடையாது. நான் நோட்டை மூடினேன்.

"சரி மாஷே, இன்னைக்கு மதி. நான் பிராட்வே வரை போயிட்டு வரேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக லேசாகக் கோணியிருந்தது. சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கொக்கி விழவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

துணி கிடைத்தது. போட்டில் திரும்பும்போது வெலிங்டன் தீவுப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. நீளமாக, ஒரே சுரத்தில். நிஷாதம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அப்போது பயமொன்றும் இல்லை. பயம் பிறகு வந்தது, வந்தது போகவில்லை. இன்றைக்கும் துறைமுகச் சங்கு ஊதினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்த அவர் மகன்தான் பார்த்தான். ஆர்மோனியத்தின் மேல் சாய்ந்து கிடந்திருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொல்லத் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மகன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சேச்சி, நான் வரும்போ கதவு சாத்தியிருந்தது. நீங்க போகும்போ எப்படி இருந்தது?" சேச்சி என்றால் அக்கா. அவனுக்கு என்னைவிடப் பத்து வயசு குறைவு.

"நான் திறந்து போட்டுட்டுத்தான் போனேன். காத்துல சாத்தியிருக்கும்" என்றேன். அவன் நம்பினான். நானும் அதை நம்பித்தான் சொன்னேன். கதவு திறந்திருந்தால் வாசலுக்கு நாலடி தள்ளி எப்போதும் உட்கார்ந்திருக்கிற சுமைக்காரர்களின் காதில் ஏதாவது விழுந்திருக்கும். பாழாய்ப்போன காற்று என்று எல்லாரும் காற்றைத் திட்டினோம்.

அதன் பிறகு பதினோரு நாள் இருந்தார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மிஞ்சியது. மதி. கண்ணைத் திறந்தால் மதி, மகனைக் கண்டால் மதி, என்னைக் கண்டால் மதி, மதி, மதி. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவர் சொன்னபடி கேட்டோம். கஞ்சியை இரண்டு ஸ்பூன் கொடுப்போம், மதி என்பார், கிண்ணத்தை எடுத்துவிடுவோம். யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மதி என்பார், அவர்களை வெளியே அனுப்பிவிடுவோம். அவர் இடது கையால் என் சேலையைப் பிடித்து இழுத்து அதையே சொல்வார், கண்ணில் தண்ணீர் வழியும். பாவம், உயிர் போதும் என்கிறார் என்று நாங்களும் அழுதோம். கடைசி நாள் காலையில் கிண்ணத்தை எடுத்தது நான்தான்.

மீதி எல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. இரங்கல் கூட்டத்தில் மகன் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசினான். பேப்பரில் வந்தது. அந்தத் தமிழ்ப் பாட்டை, நாங்கள் முந்தின நாட்களில் எடுத்த டேப்புகளை வைத்து, மூன்றாவது சரணம் இல்லாமலே மேடை ஏற்றினார்கள். கதாநாயகி நிஷாதத்தில் நிறுத்துவாள், சங்கீதம் நின்றுவிடும், இருட்டில் ஒரு குரல் "மதி" என்று சொல்லும், திரை விழும். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. பாட்டை வீடு சேர்க்காமல் வானத்தில் நிறுத்திய துணிச்சல் என்று ஒரு விமர்சகர் எழுதினார். பாட்டை நடுரோட்டில் விடக்கூடாது என்று சொன்ன மனுஷனைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதே பத்தியில் என்னைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது. அதை வெட்டி வைத்துக்கொண்டேன். கோரஸ்காரியைப் பற்றி அதுவரை யார் எழுதினார்கள்?

கல் நட்டார்கள். இசைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அங்கே பாட்டு வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் கையைக் கூப்பி ஒரே குரலில் மதி என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பார்கள். ஒரு தடவை என்னை விருந்தாளியாக அழைத்து அதைக் காட்டினார்கள். குழந்தைக் குரல்கள், நல்ல சுருதி. கொடுத்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் சின்னவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் தூத்துக்குடிப் பக்கம். தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஒருநாள் மத்தியானம் பெருமை பேசும் சாக்கில் மாஷின் பழைய குறிப்பு நோட்டு ஒன்றை அவளிடம் எடுத்துக் காட்டினேன். அவர் போன பிறகு மகன் எனக்குக் கொடுத்தது. உள்ளே எல்லாம் தமிழ் எழுத்து. அவனுக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டான்.

மருமகள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"இதுல மூணு வரிதான் இருக்கு அத்தை. காற்றேன்னு ஒண்ணு, அலையேன்னு ஒண்ணு, அப்புறம் மதியேன்னு ஒண்ணு. மதியேக்குக் கீழ வெறும் சரிகமதான் எழுதியிருக்காரு."

"மதியேன்னா?" என்றேன்.

"நிலா, அத்தை. நிலாவைக் கூப்பிடுறது. பாட்டுல எல்லாம் வருமே."

நான் அடுப்பை அணைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. காற்று, அலை, அடுத்தது நிலா. சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். நாங்கள் வீட்டில் நிலா என்றுதான் சொல்வோம். மதி என்று நிலாவை யார் சொல்கிறார்கள்? மலையாளக் கவிதையிலும் அப்படி உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் போட்டுக்கு நேரமாகிற பொம்பளைக்குக் கவிதையா ஞாபகம் வரும்? அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. மூன்றாவது சரணத்தைத் தொடங்கியிருக்கிறார். மதியே என்று கூப்பிட வாயெடுத்து, பாதியில் நாக்கு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பதினோரு நாளும் அவர் அந்த ஒரு சொல்லைத்தான் முடிக்கப் பார்த்திருக்கிறார். நாங்கள் ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டிருந்தோம்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மருமகளுக்கு மாஷைப் பற்றி அதிகம் தெரியாது, அவள் அப்போதே மறந்துவிட்டாள். நோட்டை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினேன். ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். மகன் மனசு உடைந்துவிடும், நட்ட கல்லைப் பிடுங்க முடியாது என்றெல்லாம் சொல்லிக்கொள்வேன். உண்மை அதுவல்ல. முதல் மாலை என்னுடையது. அதை விட மனசில்லை. ஆறு வருஷமாக ஒவ்வொரு நினைவு நாளிலும் மேடையில் உட்கார்ந்து, அந்தப் பாட்டு நிஷாதத்தில் போய் நிற்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாட்டு நின்ற பிறகும் அந்தச் சுரம் நிற்காது. வீட்டுக்கு வந்து குளித்தாலும், குழாயில் காற்று சீறினாலும், லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கத்தினாலும் அதுவேதான். யாரோ வாசலில் நின்று உள்ளே விடச் சொல்கிற மாதிரி இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை மகன் போன் செய்தான்.

"சேச்சி, அப்பாவோட ஆர்மோனியப் பெட்டிக்கு அடியில அன்னைக்கு ஓடின டேப் இருந்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கின அவசரத்துல யாரோ எடுத்துச் சொருகியிருக்காங்க. உங்க கையெழுத்துல அன்னைக்குத் தேதி மேல இருக்கு. நான் போட்டுக் கேட்டேன். மதின்னு சொல்றவரைக்கும் கேட்டேன், அதுக்கு மேலே கேக்க முடியலை. நிறுத்திட்டேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை நினைவு நாள் மேடையில அதைப் போடணும். அப்பா சொந்தக் குரல்ல மதின்னு சொல்றதோட நிறுத்திடலாம். நீங்க வந்து ஒரு தடவை கேட்டுச் சரின்னு சொல்லணும்."

அன்றைக்கு டேப்பை நான் அணைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொக்கி விழாமல் தொடக்கூடாது என்பது கைப்பழக்கம். சொல்லைக் கேட்டு எழுந்தேன், நோட்டை மூடினேன், டேப்பைத் தொடவில்லை. நான் போன பிறகு அந்த அறையில் என்ன நடந்ததோ, அதுவும் அதில் இருக்கும்.

மறுநாள் மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். மழை வரும் போல இருட்டியிருந்தது. வாய்க்கால் தண்ணீர் ஏறி வாசல்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேலியேற்ற நாட்களில், கடல் பொங்கி ஏறும்போது, அது வழக்கம்தான். இருந்தாலும் அன்றைக்கு அந்தத் தண்ணீரைத் தாண்டி உள்ளே போகக் கால் வரவில்லை. அவன் பழைய ரிக்கார்டரை மேஜைமேல் வைத்திருந்தான். சாயா கொண்டுவந்தான். நான் குடிக்கவில்லை.

டேப் ஓடியது. ஆர்மோனியம், காற்று, அலை. வலது கை வழுக்குகிற இடம் வந்தது. இப்போது கேட்டால் அது அசதி இல்லை என்று யாருக்கும் தெரியும். நிஷாதம். மௌனம். பிறகு அவர் குரல்: மதி.

அது பேச்சு இல்லை. பாட்டு. 'ம' நிஷாதத்தில் தொடங்கி, 'தி' மேலே ஒரு சுரம் எட்டி நிற்கிறது. ஒரு வாழ்நாள் முழுக்க சுருதியோடு கோரஸ் பாடியவள் நான். எப்படி அதைப் பேச்சு என்று கேட்டேன்?

"சரி மாஷே, இன்னைக்கு மதி" என்றது என் குரல், டேப்பில், உற்சாகமாக.

மகனின் விரல் பொத்தானுக்குப் போயிற்று. "இத்தோட மதியா, சேச்சி?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்து, வழக்கம்போல போயிருக்கும். அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொக்கி இன்னும் விழலை. ஓடட்டும்" என்றேன்.

செருப்புச் சத்தம் கேட்டது. நாலு எட்டு. அப்புறம் வளையம் லேசாகக் குலுங்கியது. அதன் பிறகு கிறீச் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை. மரத்தோடு மரம் மெல்லப் பொருந்துகிற சத்தம் மட்டும் வந்தது. கதவைத் தூக்கித் திறந்து வெளியே போய், அதேபோலத் தூக்கி, பார்த்துப் பார்த்துச் சாத்தியிருக்கிறேன். டேப் ஓடும்போது மட்டும் சாத்துகிற விதம் அது, காற்று செய்கிற வேலை இல்லை. வேலை முடிந்து போகிறவள் அந்தக் கதவைத் தொடவே மாட்டாள். வேலை முடியவில்லை என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரிந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் போதும் என்று அர்த்தம் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது, அதனால் எடுத்துக்கொண்டேன்.

மூடிய அறைக்குள் அவர் மறுபடி பாடினார். மதி. அடுத்த எழுத்து வரவில்லை. கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தார். மதி. பிறகு பேச்சாக, நாக்கு புரளாமல், "மோ... மோளே" என்றார். இரண்டு தடவை. துருத்தி ஒரு முறை மூச்சு விட்டது. ஏதோ ஒரு கட்டை அழுந்தி அப்படியே நின்றது, காற்று தீர்ந்து மெலிந்து மெலிந்து அடங்குகிறவரை. கதவுக்கு அந்தப் பக்கம் சுமைக்காரர்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒருவன் சொல்கிற சொல்கூடப் புரிகிறது, அவ்வளவு பக்கத்தில். அதன் பிறகு டேப் தானாக நிற்கிறவரை வேறொன்றும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் வெறும் டேப்பின் சீறலை முழுக்க உட்கார்ந்து கேட்டோம்.

நோட்டை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். கடைசிப் பக்கத்தைப் பிரித்து, அந்தச் சொல் எந்தப் பாஷை என்று அவனுக்குச் சொன்னேன். கதவைப் பற்றியும் சொன்னேன், ஒன்றையும் விடாமல். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டான். சொல் ஆறு வருஷமாக, கதவு இப்போதுதான் என்றேன்.

அவன் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றான். வாசலில் தண்ணீர் இரண்டாவது படிக்கு வந்திருந்தது. திரும்பாமலே பேசினான்.

"ஞாயித்துக்கிழமை முழுசாப் போடறேன். டேப் நிக்கிறவரைக்கும். நீங்க மேடையில இருக்கணும்."

எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக அவன் என்னைச் சேச்சி என்று சொல்லவில்லை.

"இருக்கேன்" என்றேன்.